சைடு குடுத்தான்

என் தங்கை கவிநிலா ஜெயித்த கார் பந்தயத்தை எங்கள் ஊரில் நேரில் பார்த்தவர்கள் மிகக் குறைவு. ஆனால் கடைசி வளைவில் நடந்ததை மட்டும் யாரோ வெட்டிப் போட்ட வீடியோ எல்லாருடைய செல்போனிலும் இருந்தது. அதனால் எல்லாருக்கும் ஒரு கருத்தும் இருந்தது.

வீடியோவில் தெரிவது இதுதான். முன்னால் ஒரு நீலக் கார். அதை ஓட்டுவது குருசுக்குப்பம் செம்மல். பின்னால் மஞ்சள் கார், அது கவிநிலா. வலப்பக்கம் திரும்பும் வளைவு. நீலக் கார் திரும்பத் தொடங்கும்போது மஞ்சள் கார் உள்பக்கமாக மூக்கை நுழைக்கிறது. ஒரு கணம் இரண்டும் ஒட்டினாற்போலப் போகின்றன. பிறகு நீலக் கார் தார்ப்பாதையை விட்டு ஜல்லியில் இறங்கி, சுழன்று, அடுக்கி வைத்திருந்த பழைய டயர்களில் மோதி நிற்கிறது. மஞ்சள் கார் முடிவுக் கொடியைத் தாண்டிப் போய்விடுகிறது.

செம்மலுக்கு இடது மணிக்கட்டில் எலும்பு முறிந்தது.

இருவரும் ஒருவருக்கொருவர் வேற்றாட்கள் இல்லை. தவளக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்குத் தெற்கே, கடலூர் ரோட்டை ஒட்டி, குட்டிப் பந்தய வண்டிகள் ஓட்டும் ஒரு சின்ன கார்ட்டிங் மைதானம் இருக்கிறது. சனி ஞாயிறுகளில் வருகிற சுற்றுலாக்காரர்களுக்கு ஹெல்மெட் மாட்டிவிடும் வேலைக்கு இருவரும் ஒரே வருடம் சேர்ந்தார்கள். கூட்டம் போனபிறகு மிச்சமிருக்கும் பெட்ரோலில் இவர்கள் ஓட்டிப் பழகினார்கள். ராஜ்கமல் என்பவர் டவுனில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார், பந்தய அணியும் நடத்துகிறார். அவர் கவிநிலாவைப் பார்த்துவிட்டுத் தன் அணியில் சேர்த்துக்கொண்டார். செம்மலை வேறொரு அணி எடுத்துக்கொண்டது. இரண்டு வருடத்தில் இருவரும் புள்ளிப் பட்டியலின் மேலே வந்துவிட்டார்கள். இந்தப் பந்தயத்தையும் அடுத்து வரும் கடைசிச் சுற்றையும் ஜெயித்தால் இந்த வருடப் பட்டம் கவிநிலாவுக்கு என்ற நிலை.

எங்கள் அப்பா அன்பழகன் புதுச்சேரி – கடலூர் பிரைவேட் பஸ் ஓட்டுகிறார். இதையும் சொல்லித்தான் ஆகவேண்டும், ஏனென்றால் ஊர்ப் பேச்சு முழுவதும் அங்கேதான் போய் முட்டியது.

திங்கட்கிழமை காலை நான் வழக்கம்போல அப்பாவின் பஸ்ஸிலேயே வேலைக்குப் போனேன். அரியாங்குப்பத்துக்குள் போவதற்கு முன்பே பேச்சு தொடங்கிவிட்டது.

"பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு வேகம்னு நான் கேக்கல. அந்தப் பையன் கை ஒடிஞ்சு கெடக்கறானே, அத யாரு கேக்கறது?" என்றாள் பெரிய மார்க்கெட்டுக்குப் பூக்கூடையோடு போகிற ஒரு அம்மாள்.

"ரேஸுன்னா அப்டித்தாம்மா. கும்புட்டு வழி கேட்டுட்டா போவாங்க?" என்றார் பக்கத்தில் நின்றவர்.

கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்த கல்லூரிப் பையன் சிரித்தான். "பஸ்காரர் பொண்ணாம்ல அது. பின்ன எப்டி ஓட்டும்? அப்பன் ரோட்டுல ஓட்டறத அது அங்க ஓட்டுது."

கண்டக்டர் மண்ணாங்கட்டி அண்ணன் அவன் தோளில் தட்டினார். "தம்பி, கொஞ்சம் மெதுவாப் பேசு. இந்த பஸ்ஸ ஓட்டறவரு தான் அந்த அப்பன்."

"அதுக்குத்தாண்ணா சொல்றேன்" என்றான் பையன். பஸ்ஸே சிரித்தது.

அப்பா திரும்பவில்லை. முன்னால் போன ஆட்டோவுக்கு நீளமாக ஹார்ன் அடித்தார். ஆட்டோ மண்ணில் இறங்கியது. நாங்கள் போய்விட்டோம்.

மதியம் ராஜ்கமல் எனக்குப் போன் செய்தார். செம்மலின் அணி புகார் கொடுத்திருந்தது எனக்குத் தெரியும். அவர் சொன்னது அதைவிடப் பெரிய விஷயம். பந்தயம் முடிந்ததும் நடுவர்கள் கவிநிலாவைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்கள். மூவருக்கும் தமிழ் தெரியாது. இவளும் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "அவன் எனக்கு சைடு கொடுத்தான் சார், அதனால்தான் போனேன்" என்ற பொருளில் ஏதோ சொல்லியிருக்கிறாள். சைடு என்பதை மட்டும் அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். செம்மல் தன் காரின் பக்கவாட்டில் இடித்தான் என்று இவள் சொல்வதாக எழுதிவிட்டார்கள். வீடியோவில் செம்மல் இவளை எங்கேயும் இடிக்கவில்லை. ஆக, இவள் நடுவர்களிடம் பொய் சொன்னாள் என்று ஆகிவிட்டது. முரட்டுத்தனமாக ஓட்டினால் ஜெயித்த இடம் பறிபோகும். பொய் சொன்னால் ஒரு வருடம் லைசென்ஸே பறிபோகும். வருகிற சனிக்கிழமை மறு விசாரணை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் வேலை பார்ப்பது வாகன இன்சூரன்ஸ் ஏஜெண்டு ஒருவரின் ஆபீஸில். விபத்து நடந்தவர்கள் சொல்லச் சொல்ல அதை ஆங்கிலத்தில் எழுதித் தருவது என் வேலை. வருகிறவர்களில் பாதிப் பேர் "அவன் சைடு குடுக்கல மேடம்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். சைடு குடுப்பது என்றால் ஒதுங்கி வழிவிடுவது. நம் ரோட்டில் ஓட்டுகிற யாருக்கும் இதற்கு விளக்கம் தேவையில்லை.

"சார், இது ஒண்ணுமே இல்ல. நான் வந்து அர்த்தம் சொல்லிடறேன்" என்றேன்.

"அத நீ சொல்லும்மா. ஆனா அது மட்டும் போதாது. செம்மலும் வந்து ஆமா, நான் சைடு குடுத்தேன்னு சொல்லிட்டான்னு வச்சுக்க. அவனே ஒதுங்கினான்னு ஆயிடுது. பொய்யும் இல்ல, தப்பும் இல்ல. ஜெயிச்சது ஜெயிச்சதுதான். நீங்க எல்லாம் ஒரே ஊரு, போய்ப் பேசுங்க."

அன்று சாயங்காலமே நானும் கவிநிலாவும் குருசுக்குப்பம் போனோம். செம்மலின் அப்பா படகு மோட்டார் ரிப்பேர் செய்கிறவர். வாசலில் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தார். எங்களைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். செம்மல் உள்ளே தரையில் உட்கார்ந்து, மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தான்.

"வாம்மா தாயே. மீதிக் கையையும் ஒடைக்க வந்தியா?"

"வாய ஒடைக்கலாம்னு வந்தேன். அதான் இன்னும் நிக்காம ஓடுது" என்றாள் கவிநிலா. சொன்னாளே தவிர, அவன் கையைப் பார்க்காமல் டிவியைப் பார்த்துத்தான் சொன்னாள்.

நான் விஷயத்தை முறையாகச் சொன்னேன். நடுவர்கள் என்ன புரிந்துகொண்டார்கள், அதனால் என்ன ஆகும், அவன் என்ன சொன்னால் போதும் என்பது வரை. அவன் குறுக்கே பேசாமல் கேட்டான்.

"சைடு குடுத்தேன்னு சொல்லணும். அவ்ளோதானக்கா?"

"அவ்ளோதான்டா."

"குடுத்திருந்தா சொல்லலாம்."

எழுந்து வாசலுக்குப் போய், கழற்றிப் போட்டிருந்த செருப்புகளில் கவிநிலாவுடையது ஒன்றையும் தன்னுடையது ஒன்றையும் காலால் தள்ளிக்கொண்டு வந்தான். சுவரோரமாக இரண்டையும் நிறுத்தினான்.

"இது நீ, இது நான். செவுரு இருக்கே, அதுக்கு அந்தாண்ட ஜல்லி. நான் வளைக்க ஆரம்பிக்கும்போது நீ எங்க இருந்த?"

"உன் பின் சக்கரத்துக்கிட்ட."

"அப்புறம்?" கால் விரலால் அவள் செருப்பை முன்னே நகர்த்தினான்.

"பக்கத்துல."

"அப்புறம் நீ இந்தாண்ட சாஞ்ச." அவள் செருப்பு அவன் செருப்பைச் சுவரோடு ஒட்டியது. "இப்ப எனக்கு எங்கடி எடம்? ஒண்ணு உன் மேல சாத்தணும், இல்ல எறங்கணும். சாத்தியிருந்தா ரெண்டு பேரும் போய்ச் சேந்திருப்போம். எறங்கிட்டேன். இதுக்குப் பேரு குடுக்கறதா?"

"நீ பிரேக்க சீக்கிரமே புடிச்ச. குடுக்கறன்னு நெனச்சேன்."

"டயர் தேஞ்சுபோச்சு. முந்தின ரவுண்டுலயும் அங்கதான் புடிச்சேன். பின்னாடியே வந்தவ நீ, உனக்குத் தெரியாது?"

கவிநிலா செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெரியாது என்று அவள் சொல்லவில்லை.

"இன்னொண்ணு இருக்குக்கா" என்று என் பக்கம் திரும்பினான் செம்மல். "நானே ஒதுங்கினேன்னு எழுதிட்டாங்கன்னா அதோட என் கத முடிஞ்சுது. செம்மலா, மூக்க உட்டா ஒதுங்கிடுவான்னு அடுத்த ரேஸ்ல இருந்து எல்லாப் பயலும் என் உள்பக்கம் வந்து உழுவான். இவளுக்கு ஒரு ரேஸ். எனக்கு இருக்கற அத்தன ரேஸும்."

அதை நான் யோசித்திருக்கவில்லை.

"இவ பொய் சொன்னதா போட்டது தப்புதான்" என்று அவனே தொடர்ந்தான். "எங்க ஊர்ல சைடுன்னா என்ன அர்த்தம்னு நானும் வந்து சொல்றேன். ஆனா குடுத்தேன்னு மட்டும் சொல்ல மாட்டேன்."

வெளியே வரும்போது கவிநிலா அவனுடைய செருப்பை எடுத்து அதன் ஜோடியோடு வைத்துவிட்டுத் தன்னுடையதை மாட்டிக்கொண்டாள். பஸ் ஸ்டாப்புக்கு வந்தோம். அங்கே நின்றபிறகு கேட்டாள்.

"யக்கா, அப்பா ஹார்ன் அடிச்சா ரோட்ட விட்டு எறங்கறாங்களே, அவங்கள்லாம் குடுக்கறாங்களா?"

பஸ் வருகிறதா என்று பார்த்தேன். அப்படி இறங்கினவர்களில் சிலர் எங்கள் ஆபீஸுக்கும் வந்திருக்கிறார்கள். ஈர மண்ணில் வண்டி சறுக்கி முட்டி பெயர்ந்தவர்கள். இடித்த வண்டி எது என்று நான் கேட்பேன். எதுவும் இடிக்கவில்லை மேடம், நானாகத்தான் விழுந்தேன் என்பார்கள்.

இரவுச் சாப்பாட்டின்போது அப்பா எங்களுக்காகக் காத்திருந்ததுபோல ஆரம்பித்தார். காலையில் பஸ்ஸில் கேட்டதை அவர் இன்னும் விழுங்கவில்லை.

"அவன் என்ன வேணா சொல்லட்டும். எறங்கினது யாரு? அவன் தான? கேட்டாத்தான்டி எவனும் குடுப்பான். முப்பது வருசமா நான் கேக்கறேன், குடுக்கறான். கேக்காம இருந்தா கடலூர் போய்ச் சேர ராத்திரியாயிடும். பின்னாடி வர்றவன் என் டைமிங்க எடுத்துக்கிட்டு என் ஜனத்தையும் ஏத்திக்கினு போயிடுவான்."

"அவன் எறங்கலன்னா நான் இடிச்சிருப்பேம்பா" என்றாள் கவிநிலா.

"பிரேக் எதுக்கு இருக்கு?"

"முடியாது. எறங்குவான்னு நெனச்சுத்தான் உள்ள போனேன். எறங்கலன்னா நிறுத்த எடமே இல்ல."

அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். இது அவருக்குப் புதிதாக இருந்தது. "நான் அப்டி இல்ல" என்றார். "நான் ஹார்ன் அடிப்பேன், நெருங்குவேன், எல்லாம் செய்வேன். ஆனா என் கால் பிரேக் மேலதான் இருக்கும். எவனையாவது இடிச்சிருக்கனா? கேட்டுப் பாரு."

அம்மா தினமும் அதே ரோட்டில் ஸ்கூட்டியில் கம்பெனி வேலைக்குப் போய்வருகிறவள். ரசத்தை ஊற்றிக்கொண்டே, "உங்க கால் பிரேக் மேல இருக்கறது எறங்கறவளுக்குத் தெரியுமா?" என்றாள்.

அப்பா நிமிர்ந்து பார்த்தார். "உன்ன எவன் எறக்கினான்?"

"பஸ் நம்பரு பாக்கறதுக்குள்ள பூட்டான்."



சனிக்கிழமை விசாரணை பந்தயத் தளத்திலேயே நடந்தது. சென்னைக்கு வெளியே ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போகவேண்டும். ராஜ்கமல் காரிலேயே எங்களை அழைத்துப் போனார். வழியெல்லாம் ஒரே பாடம். "செம்மல் சொல்லலன்னா போகட்டும். நீ உன் வார்த்தைய மாத்தாத. அவன் சைடு குடுக்கறான்னு நெனச்சேன். நெனச்சேன்னு சொல்றதுல தப்பு கண்டுபிடிக்க முடியாது. பாதி தண்டனையிலயாவது நிக்கும், ஜெயிச்சது கையில இருக்கும்."

நடுவர்கள் மூவரில் தலைவர் நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய ஒரு பெண்மணி. ஒரு காலத்தில் ராலி பந்தயங்களில் கார் ஓட்டியவராம். மொழி உதவிக்கு என்று என்னை அனுமதித்தார்கள். செம்மலும் கட்டுக் கையோடு வந்திருந்தான்.

முதலில் நான் சொல்லின் பொருளைச் சொன்னேன். செம்மலும் அதையே சொன்னான். தலைவர் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார். இடித்ததாகச் சொல்லவில்லை, வழிவிட்டதாகச் சொன்னாள், அவ்வளவுதானே என்றார். ஆமாம் என்றேன். பொய் என்ற குற்றம் அந்த இடத்திலேயே கரைந்துவிட்டது. ராஜ்கமல் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

பிறகு தலைவர் கவிநிலாவை நேராகப் பார்த்துக் கேட்டார். அப்படியானால் அவர் உனக்கு வழிவிட்டார் என்பதுதான் இன்றைக்கும் உன் வாக்குமூலமா?

கவிநிலா என்னைப் பார்த்தாள். தமிழில் சொன்னாள்.

"இல்லன்னு சொல்லுக்கா. அவன் குடுக்கல. நானா எடுத்துக்கிட்டேன். அவன் எறங்குவான்னு தெரிஞ்சுதான் போனேன். எறங்கலன்னா என்னால நிறுத்தியிருக்க முடியாது. இதையும் சொல்லு."

ராஜ்கமல் என்னையே பார்த்தார். அவருக்கும் தமிழ் தெரியும், நடுவர்களுக்குத் தெரியாது. அந்த அறையில் அவள் சொன்னது இன்னும் பாதி தூரம்தான் வந்திருந்தது. மீதியை நான்தான் கொண்டுபோக வேண்டும்.

எனக்கு அது புதிய வேலை இல்லை. ஆபீஸில் இதைத்தான் தினமும் செய்கிறேன். வேகமாகப் போய் மோதினேன் என்று ஒருவர் சொன்னால், வாகனம் எதிர்பாராத விதமாகக் கட்டுப்பாட்டை இழந்தது என்று எழுதுவேன். யார் செய்தார்கள் என்பது அந்த வாக்கியத்தில் இருக்காது. இங்கேயும் அப்படி ஒரு வாக்கியம் என் வாயில் தயாராக இருந்தது. இடம் கிடைத்தது, கார் உள்ளே சென்றது. பொய் என்று யாரும் சொல்ல முடியாது.

கவிநிலா காத்திருந்தாள். அவளுக்கு ஆங்கிலம் சரியாகப் பேச வராதே தவிர, கேட்டால் புரியும்.

அவள் சொன்னதை அவள் சொன்ன வரிசையிலேயே சொன்னேன். எடுத்துக்கொண்டது நான் என்பதில் அந்த 'நான்' இருக்கும்படியே சொன்னேன். இதைத்தான் அவர் சொன்னாரா என்று தலைவர் கேட்டார். இதைத்தான் என்றேன். கவிநிலா தலையசைத்தாள்.

ஒரு மணி நேரம் வெளியே உட்காரவைத்துவிட்டு முடிவைச் சொன்னார்கள். பொய் சொன்ன குற்றம் ரத்து. பந்தயத்தில் ஜெயித்ததும் ரத்து. கடைசிச் சுற்றில் ஓட்டக்கூடாது. ஆக, இந்த வருடப் பட்டம் போனது. லைசென்ஸ் மிஞ்சியது.

வெளியே வந்ததும் ராஜ்கமல் தன் காரில் சாய்ந்துகொண்டு பேசினார். கோபமாக இல்லை, களைப்பாக இருந்தார்.

"நல்ல பொண்ணு நீ, அத நான் ஒத்துக்கறேன். ஆனா யோசிச்சுப் பாரு. முன்னாடி போறவன் கண்ணாடியில மஞ்சக் கார் தெரிஞ்சா அவன் கை லேசா நடுங்கும். இந்த ரெண்டு வருசத்துல நீ சம்பாதிச்சது அதான். அது இன்னிக்கி அந்த ரூம்லயே போயிடுச்சு. இனிமே எவன் நடுங்குவான்?"

"தெரியல சார்" என்றாள்.

"எனக்கும் தெரியல. அடுத்த வருசம் பாப்போம்."

பார்ப்போம் என்றால் என்ன அர்த்தம் என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

செம்மலுக்குக் கட்டுப் பிரித்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கார்ட்டிங் மைதானத்தில் ஓட்டிப் பார்க்கலாம் என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். ராஜ்கமலிடமிருந்து அதுவரை ஒரு தகவலும் இல்லை. நாங்கள் பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்கிவிட்டு பஸ் ஸ்டாண்டில் அப்பாவின் பஸ்ஸைப் பிடித்தோம். செம்மலும் அங்கே வந்து ஏறினான். கவிநிலா எப்போதும்போல டிரைவருக்குப் பக்கத்தில் இஞ்சின் பெட்டிமேல் உட்கார்ந்தாள்.

அரியாங்குப்பம் பாலம் தாண்டியதும் முன்னால் ஒரு மொபெட். பின்னால் வெங்காய மூட்டை கட்டியிருந்தது. அப்பா ஹார்ன் அடித்தார். எங்களுக்குப் பின்னால் இன்னொரு கடலூர் பஸ் நெருங்கி வந்துகொண்டிருந்தது. இன்னொரு தடவை அடித்தார். மொபெட்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல் மண்ணில் இறங்கினார்.

"வாண்ணே வா, சைடு குடுத்துட்டான்" என்று பழக்கத்தில் கத்தினார் மண்ணாங்கட்டி அண்ணன்.

"பெரிய மனசு அவருக்கு" என்றான் செம்மல்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா கண்ணாடி வழியாக அவனை முறைத்தார். "கை சரியாயிடுச்சா உனக்கு?"

"ஆயிடுச்சு அங்கிள்."

"வாய்க்கும் ஒரு கட்டு போட்டிருக்கலாம்."

கவிநிலா சிரிக்கவில்லை. எட்டி இடதுபக்கக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னாடி பாக்கற?"

"மேல ஏறிட்டாரான்னு பாக்கறேம்பா."

"ஏறிட்டானா?"

"இன்னும் இல்ல. மூட்ட சாஞ்சிடுச்சு. நிறுத்திக் கட்டறாரு."

அப்பா வேகத்தைக் குறைக்கவில்லை. பின்னால் வந்த பஸ் விடாமல் துரத்தியது. ஆனால் தவளக்குப்பம் வருவதற்குள் அவர் இரண்டு முறை அந்த இடதுபக்கக் கண்ணாடியைப் பார்த்தார். இவ்வளவு தூரம் வந்தபிறகு அதில் அந்த மொபெட் தெரிய வாய்ப்பே இல்லை.

மைதானத்தில் கூட்டம் குறைவு. பழைய முதலாளி இரண்டு வண்டிகளை இவர்களுக்கு விட்டார். செம்மல் இடது கையை மூடித் திறந்து பார்த்துக்கொண்டான். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, முகக் கண்ணாடியைத் தூக்கி அவளைக் கூப்பிட்டான்.

"ஏய், உள்பக்கம் வருவியா?"

"வராம? ஆனா உனக்கு எடம் உட்டுட்டு வருவேன்."

"அப்ப நான் சைடு குடுக்க மாட்டேன். பக்கத்துலயே நிப்பேன்."

"குடுக்காத" என்றாள் கவிநிலா. கண்ணாடியை இறக்கினாள்.

இரண்டு வண்டிகளும் கிளம்பின. மீன் கெட்டுவிடும் என்று தெரிந்தும் நான் வேலியோரமாக நின்று பார்த்தேன். முதல் வளைவுக்குள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் போனார்கள், வெளியே வரும்போதும் அப்படியே வந்தார்கள்.